இரண்டாவது பொத்தான்

எங்கள் வகுப்பில் பதினோரு பேர்.
கோட்டு ஒன்று.
அதுவும் மயிலாடுதுறை ஸ்டூடியோக்காரருடையது.
உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒட்டும் படத்துக்காக
ஒருவர் கழற்ற ஒருவர் மாட்டி
ஒரே மத்தியானத்தில் எல்லோரும் மேலாளர்கள் ஆனோம்.
இரண்டாவது பொத்தான் இல்லை.
"அந்த இடத்துல கையை வச்சுக்க" என்றார்.
வைத்தோம்.
பதினோரு பேருக்கும்
ஒரே இடத்தில் நெஞ்சு வலித்த மாதிரி வந்தது படம்.

பிறகு ஆறு மாதப் பயிற்சி.
கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு நாலு தெரு தள்ளி
ஐம்பத்திரண்டு அறை ஓட்டல்.
பேட்ஜ் அடித்து வர நாளாகும் என்று
போன வருடத்துப் பெண்ணுடையதைக் குத்திவிட்டார்கள்.
தையல்நாயகி
முப்பத்தெட்டு நாள் ஸ்டெல்லாவாக இருந்தேன்.
"ஸ்டெல்லா, சுடுதண்ணி வரலை."
"ஸ்டெல்லா, சூரியனார்கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும்?"
கடைத்தெருவில் ஒருநாள் யாரோ
"ஏ தையலு" என்று கூப்பிட
யாரையோ என்று நடந்துவிட்டேன்.
கூப்பிட்டது அண்ணன்.
பம்புசெட்டுக்கு வாஷர் வாங்க வந்தவன்.

விரிப்பை மூலையில் மடித்துச் செருகி
இழுத்துக் கட்டினால்
போட்ட நாணயம் துள்ள வேண்டும்.
அதற்கென்றே சட்டைப்பையில்
ஓர் ஐந்து ரூபாய் வைத்திருப்பார் யூஜின் சார்.
அது சும்மா படுத்துக்கொண்டால்
மறுபடி முதலிலிருந்து.

ஒன்பது கோயிலையும் இரண்டு நாளில் முடிப்பவர்கள்
விட்டுப்போவது:
எள் முடிச்சு, ஈர வேட்டி, பாதி எரிந்த திரி,
தலையணை உறையில் ஒரு நெற்றி.
குங்குமக் கறைக்கு எலுமிச்சை தேய்த்தால்
மஞ்சளாகத் திரும்பிக்கொள்ளும்.
அந்த மஞ்சளை வெயில்தான் தின்ன வேண்டும்.
இதை நானாகக் கண்டுபிடித்தேன்.
பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதக் கட்டம் இல்லை.

மாதம் மூவாயிரத்து ஐந்நூறு,
சாப்பாட்டுக்குப் பிடித்தது போக
இரண்டாயிரத்து அறுநூறு.
இரண்டாம் ஆண்டுக் கட்டணம் பதினெட்டாயிரம்.
லிப்டில், மாடிப்படியில், அழுக்குத்துணி எண்ணும்போது
போட்டுப்போட்டுப் பார்த்தேன்.
கணக்குச் சரியாகத்தான் இருந்தது.
பணம்தான் இல்லை.

நேர்காணல் தஞ்சாவூரில்.
மேசையில் பதினோரு படத்தையும்
சீட்டுக்கட்டு போலப் பரப்பியிருந்தார்கள்.
நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்,
"எல்லாரும் ஏன் நெஞ்சைப் பிடிச்சிட்டிருக்கீங்க?"
நான் மனப்பாடம் செய்து போனது
விருந்தோம்பல் பற்றி நாலு பத்தி.
"பொத்தான் இல்லைங்க" என்றேன்.
ஓரத்தில் இருந்தவர் சிரித்தார்.
"பேருலயே தையல் இருக்கு,
ஒரு பொத்தான் தைக்க முடியலையா?"
"கோட்டு எங்களுது இல்லைங்களே."
அந்த அம்மாள் சிரிக்கவில்லை.
ஏதோ எழுதினார்.
தலைகீழாகப் படிக்க எனக்கு வராது.

ஆறு பேருக்குக் கிடைத்தது. எனக்கும்.
எங்களிலேயே நன்றாகப் பேசும்
அப்துல் வஹாபுக்கு இல்லை.
அவன் இப்போது ஆடுதுறையில் பரோட்டாக் கல்லில் நிற்கிறான்.
பஸ் அந்தப் பக்கம் போகும்போது
ஜன்னலோரம் உட்காராமல் இருக்கப் பார்க்கிறேன்.
வந்த பணத்தில்
இருப்புக் குறைவு என்று
வங்கி நானூற்றுச் சொச்சம் எடுத்துக்கொண்டது.

என் பெயர் போட்ட பேட்ஜும் வந்தது.
தயல்நாயகி.
குத்திக்கொண்டேன்.

பயிற்சி முடிந்த மறுவாரம் ஸ்டூடியோவுக்குப் போனேன்.
அறைக்கு அறை நாங்கள் வைக்கும் சின்ன அட்டை,
ஊசி ஒன்று, நூல் மூன்று நிறம், பொத்தான் இரண்டு,
யாரோ பாதி உபயோகித்துப் போட்டது,
பையில் கிடந்தது.
நின்றுகொண்டே தைத்தேன்.
கோட்டு கறுப்பு.
ஓட்டல் தருவது வெள்ளைப் பொத்தான்.

இந்த வருடத்துப் பிள்ளைகள் படம் பார்த்தேன்.
ஒன்பது பேர்.
கையை அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.